ஒன்பது கட்டம்

இதனால் ஏதென்ஸ் நகரத்து மக்கள் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், ஆர்கெதேமோஸ் இன்று முதல் வாத்தியார் அல்ல.

அவர் மெலோபோயோஸ்.

இந்த அறிவிப்பை அவர் முக்காலித் தெருவில் நின்று, கல்தச்சன் கெர்தோனின் முதுகைப் பார்த்து வெளியிட்டார். முதுகு அசையவில்லை. உளியும் நிற்கவில்லை.

இருபத்திரண்டு வருடங்களாக ஐம்பது ஆண்களை வட்டமாக நிறுத்தி, தான் கட்டிய பாட்டைச் சொல்லிக்கொடுத்து, தியோனிசஸ் திருவிழாப் போட்டிக்குக் கூட்டிப்போய், தோற்றுத் திரும்பியவர் ஆர்கெதேமோஸ். இந்த வசந்தத்தில்தான் முதல் பரிசு. பரிசாக வந்த வெண்கல முக்காலியை, குழுவுக்குச் செலவழித்த பிரபு திமோனிதெஸ் இந்தத் தெருவில் நிறுத்துகிறார். அதன் பீடத்தில் ஜெயித்தவர்களின் பெயர்கள் ஏறுகின்றன.

வயது அறுபத்தொன்று. இன்னொரு முக்காலி கிடைக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. இந்தக் கல்லில் ஏறினால்தான் உண்டு.

கல்லில் ஒரு வரிசை உண்டு. முதலில் செலவழித்தவர். அடுத்து குழல் ஊதியவன். கடைசியில், பாட்டைக் கட்டியவனின் பெயரும் ‘கற்பித்தான்’ என்ற சொல்லும்.

“கற்பித்தானா? நான் என்ன சின்னப் பசங்களுக்கு எழுத்து சொல்லித்தர்றவனாய்யா?”

“ஊரே உங்களை அப்படித்தான கூப்பிடுது, வாத்தியாரே.”

“அதத்தான் வேண்டாங்கறேன். மெலோபோயோஸ்னு வெட்டு.”

“அப்படின்னா?”

ஆர்கெதேமோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவர்.

மெலோஸ் என்றால் ஆதியில் அங்கம். கை, கால், அந்த மாதிரி. பாட்டும் அங்கம் அங்கமாகச் சேர்ந்துதானே எழுந்து நடக்கிறது? அதனால் பாட்டுக்கும் அந்தப் பெயரே வந்தது. போயோஸ் என்றால் செய்பவன். பழைய காலத்தில் பாடகன் என்று மட்டும்தான் சொன்னார்கள். கலைத்தேவி வாயில் ஊட்டியதை அவன் பாடினான், அவ்வளவுதான். சொல்லையும் மெட்டையும் தாளத்தையும் தானே உட்கார்ந்து சேர்த்து, இல்லாத ஒன்றை உண்டாக்குகிறவன் பிறகுதான் வந்தான். அவனுக்கென்று பிறந்த சொல் இது.

சொல்லி முடித்தபோது அவர் கண்ணே கலங்கிவிட்டது.

கெர்தோன் உளியில் ஒட்டியிருந்த தூளை ஊதினான்.

“கட்டில் செய்யறவன், ரொட்டி செய்யறவன், இவங்களுக்கும் பின்னால அதே போயோஸ்தான தொங்குது?”

“அது வேற போயோஸ்.”

“கட்டில் செய்யறவன் என் மச்சான். கேட்டா சந்தோஷப்படுவான்.”

ஆர்கெதேமோஸ் வானத்தைப் பார்த்தார். வானம் அவர் பக்கம்தான் இருந்தது; ஆனால் உளி கெர்தோன் கையில் இருந்தது.

“சரி, வெட்டறேன். ஒரு சிக்கல் இருக்கு.” கெர்தோன் நகர்ந்து கல்லைக் காட்டினான். கரிக்கோட்டால் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தான். கட்டத்துக்கு ஒரு எழுத்து. மேல் வரி எழுத்துக்கு நேர் கீழே கீழ் வரி எழுத்து, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள்போல. “உங்களுக்குன்னு ஒரு முழு வரி விட்டு வச்சிருந்தேன். நேத்து பிரபு வந்து அவரு தாத்தா பேரையும் சேக்கச் சொல்லிட்டாரு. எல்லாம் கீழ இறங்கிடுச்சு. மிச்சம் ஒன்பது கட்டம்.”

“அவரு தாத்தா பாடினாரா?”

“செத்து நாப்பது வருஷம் ஆச்சாம். நம்ம கிரேக்க எழுத்துல உங்க பேருக்கு ஒன்பது. அந்தச் சொல்லுக்கும் ஒன்பது. எது வேணும், சொல்லுங்க.”

“ஒரு கட்டத்துல ரெண்டு ரெண்டா நெருக்கிப் போடேன்யா.”

“தெருவுல போற கல்தச்சன் ஒவ்வொருத்தனும் காறித் துப்பிட்டுப் போவான்.”

“கீழ இன்னொரு வரி?”

“கீழ மண்ணு. புழுவுக்குப் படிக்கத் தெரிஞ்சா வெட்டலாம்.”

ஆர்கெதேமோஸ் யோசித்தார். ஆர்கெதேமோஸ் என்பது ஒரு பெயர். மீன் சந்தையில் விலாங்கு விற்கிறவன்கூட ஆர்கெதேமோஸ்தான். ஆனால் இந்தத் தெருவின் இத்தனை கற்களில் ஒன்றிலாவது மெலோபோயோஸ் இருக்கிறதா? யாரைச் சொல்கிறது என்று ஊருக்குத் தெரியாதா என்ன? பதினைந்தாயிரம் பேர் கைதட்டினார்களே!

“அந்தச் சொல்லையே வெட்டு.”

“யோசிச்சுக்குங்க வாத்தியாரே. இது கல்லு.”

“மெலோபோயோஸ்!”

கெர்தோன் வெட்டினான். அழகாகத்தான் வெட்டினான்.

கடைசி எழுத்தின் தூள் அடங்குவதற்குள் ஓர் எண்ணெய் வியாபாரி வந்து நின்றார். அடுத்த வருடப் போட்டிக்குச் செலவு செய்யும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. நல்ல ஆளாகத் தேடி, ஒவ்வொரு கல்லாக உரக்க வாசித்துக்கொண்டே வந்தவர்.

“குழல் ஊதியது, தீப்ஸ் நகரத்து எம்பெதோன். மெலோபோயோஸ்.” அவர் புருவம் உயர்ந்தது. “அடேயப்பா! ஊதினதும் அவன், பாட்டைச் செஞ்சதும் அவனா!”

“ஐயா, அது நான்,” என்றார் ஆர்கெதேமோஸ்.

“அப்படீங்களா?” வியாபாரி மரியாதையாகக் குனிந்து, கல்லை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். “உங்க பேரு எங்க இருக்குது?”

கெர்தோன் உளியைத் துணியில் சுற்றுவதில் மும்முரமானான்.

அன்று மாலையே வியாபாரி அடுத்த வருடப் பாட்டுக்கு எம்பெதோனைப் பிடித்துப் பேசி முடித்தார். தனக்குப் பாட்டுக் கட்டத் தெரியாது என்று எம்பெதோன் சொல்லவில்லை.

அந்தப் பாட்டை எம்பெதோனுக்கு ஆர்கெதேமோஸ்தான் செய்துகொடுத்தார்.