இரட்டைப் பூட்டு அலமாரி

“நேத்து ஒரே நாள்ல நாலாயிரத்து இருநூறு தூக்க மாத்திரை வித்திருக்கீங்க,” என்றார் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. கையில் அரசாங்கக் கணினி துப்பிய தாள். அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்புக் கட்டம்.

மருந்துக்கடைக்காரர் மூலையில் இருந்த அலமாரியைக் காட்டினார். “மேடம், அந்த அலமாரியைத் திறந்தே இருபத்திரண்டு நாளாச்சு.”

“அதுவும்தான் இடிக்குது. இருபத்தோரு நாள் பூஜ்யம், திடீர்னு அலமாரில இருந்த அத்தனையும் வித்தாச்சுன்னு பதிவு. ஒரு மாத்திரை குறைஞ்சாலும் லைசென்ஸ் ரத்து, இன்னிக்கே கடைக்குச் சீல். சரி, ஏன் திறக்கலை?”

“அது... குடும்ப விஷயம் மேடம்.”

“தூக்க மாத்திரைல என்ன குடும்ப விஷயம்?”

மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கட்டுப்பாட்டு மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று அதே கடையில் மருந்தாளுநராக இருக்கும் மனைவியிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் திறக்க வேண்டும் என்பது சட்டம். இவர்களோ சேர்ந்து நிற்பதே இல்லை.

காரணம் அவருடைய வாய்தான். இருமல் மருந்தின் அளவைப் பற்றி வாடிக்கையாளரிடம் மனைவி சொல்லிக்கொண்டிருந்தபோது, “அவளுக்கு என்ன தெரியும், என்னைக் கேளுங்க,” என்று குறுக்கே விழுந்தார். அவள் சொன்ன அளவுதான் சரி. அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். மன்னிப்புக் கேட்க இவருக்கு நாக்கு எழவில்லை. வீட்டில் சாப்பாடும் கடையில் வேலையும் துண்டுச்சீட்டில் ஓடின. தூக்க மாத்திரை கேட்டு வந்தவர்களை எல்லாம் எதிர்க்கடைக்குக் கைகாட்டி அனுப்பினார்.

அதிகாரி சிரிக்கவில்லை. “நேத்துக் கணக்கைக் கணினில ஏத்தினது யாரு?”

கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மனைவி பேசாமல் கையைத் தூக்கினாள்.

“திறங்க, எண்ணிப் பார்த்துடுவோம். ஒருத்தர் எண்ணணும், இன்னொருத்தர் சரின்னு சொல்லணும். வாயால சொல்லணும். தலையாட்டினா செல்லாது.”

இரண்டு சாவியும் திரும்பின. “ஒண்ணு,” என்று முதல் பெட்டியை எடுத்து வைத்தார். மனைவி அதிகாரியைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். “சரி,” என்றாள். இருபத்திரண்டு நாளில் முதல் வார்த்தை. லைசென்ஸ் பயத்துக்கு நடுவிலும் அவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

இருபதாவது பெட்டிக்குள் அவருக்குக் குரல் கம்மியது. “தண்ணி குடிச்சிட்டு எண்ணுங்க,” என்றாள் மனைவி. அதையும் அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாரோ என்னவோ.

பெட்டிக்கு நூறாக நாற்பத்திரண்டு பெட்டியும் பத்திரமாக இருந்தன. ஒரு மாத்திரை குறையவில்லை.

“விற்பனைங்கற கட்டத்துல இருப்பை அடிச்சிருக்கீங்க. இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள திருத்தப் படிவம் கொடுத்தா நடவடிக்கை கிடையாது,” என்றார் அதிகாரி. மனைவி இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து நீட்டினாள். எல்லாக் கட்டமும் நிரப்பி, கையெழுத்தும் போட்டிருந்தது. அதிகாரி முத்திரை குத்திவிட்டுக் கிளம்பினார்.

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் பேசிய வாய், இனிமேலும் பேசட்டும் என்று துணிந்தார்.

“அன்னிக்கு ஆள் முன்னாடி உன்னை அப்படிச் சொன்னது என் வாய்க்கொழுப்பு. நீ சொன்னதுதான் சரி. மன்னிச்சுடு.”

“சரி, விடுங்க,” என்றாள் மனைவி. முகம் மலர்ந்திருந்தது.

“இருந்தாலும், ஒரு நம்பரைத் தப்பாப் போட்டுக் கடையையே மூட வெச்சிருப்பியே.”

மனைவி தன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“தப்பெல்லாம் இல்லீங்க. மூவாயிரத்துக்குக் கீழ போட்டா, போன்லயே விசாரிச்சு முடிச்சிடறாங்க.”