கைச்சக்கரம்

ராட்டினம் நின்றுவிட்டது.

மெதுவாகச் சுற்றுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பாட்டு நின்றது. பூங்கா முழுக்க விளக்குகள் அணைந்தன.

கீழே நின்றபடி அடியிலிருந்து எண்ணினாள். பதினொன்றாவது பெட்டி. உச்சிக்குச் சற்றுக் கீழே.

அதில் அவள் கணவன் தயாபரன். பக்கத்தில் எட்டு வயது மகள் நிலானி.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மணி நாலுகூட ஆகவில்லை.

காற்றுதான் முதலில் வந்தது. பெட்டிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மேலிருந்து கூச்சல். அதில் எந்தக் குரல் நிலானியுடையது என்று தெரியவில்லை.

அப்புறம் மழை.

பையைத் திறந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தும் திறந்தாள். இரண்டு தொப்பிகள். வெயிலுக்குப் பூசும் கிரீம். குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். தயாபரனின் போன்.

காலையில் ஈரோட்டில் கிளம்பும்போது அவன் மகளின் மழைக்கோட்டை மடித்து வைத்திருந்தான். அக்னி நட்சத்திரத்தில் எதற்கு என்று அவள்தான் எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

மேலே அவன் சட்டையைக் கழற்றுவது தெரிந்தது. அதை மகளுக்குப் போர்த்தினான். காற்று அதைத் திரும்பத் திரும்பத் தூக்கியது.

அவள் ராட்டினத்தை இயக்கும் கூண்டுக்கு ஓடினாள். உள்ளே பச்சைச் சீருடையில் ஓர் இளம்பெண். ஒரே பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு பட்டன் மட்டுந்தானுங்க காட்டிக் குடுத்தாங்க. நான் டிக்கெட் கவுண்டருங்க."

பெண் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"கரண்ட் போனா கையால சுத்தலாமுங்க. அது பெரியண்ணனுக்குத்தான் தெரியும்."

பெரியண்ணன்.

அந்தப் பெயரை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் தன் கையால் எழுதியிருந்தாள். புகார்ப் புத்தகத்தில்.

முதல் சுற்று முடிந்து இறங்கும்போது, ராட்டினத்தை இயக்கிய அவர் நிலானியின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். "அறிவிருக்குதா உனக்கு?" என்று கத்தினார். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையின் கையில் நாலு விரல் தடம்.

அவள் நேராக அலுவலகத்துக்குப் போனாள். மேலாளர் மன்னிப்புக் கேட்டார். அவள் கண்ணெதிரிலேயே பெரியண்ணனை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்.

பெட்டி நிற்பதற்கு முன்பே நிலானி கம்பியைத் திறந்து காலை வெளியே விட்டதை அவள் எழுதவில்லை. பார்த்திருந்தாள். எழுதவில்லை.

இடி விழுந்தது. எங்கே என்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய இரும்பில் அந்தச் சத்தம் அதிர்ந்து இறங்கியது.

"அம்மா!"

இந்தக் குரல் தெரிந்தது.

அவள் ஓடினாள். மகளுக்கு முதுகைக் காட்டி ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் போனது. நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெட்டி அங்கே இருக்காது என்று தோன்றியது.

வண்டி நிறுத்துமிடத்தில் தகரக் கூரையின் கீழ் அவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வாயில் விசில். வெளியேறும் கார்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எம் புள்ள மேல இருக்குதுங்க" என்றாள். ராட்டினத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

அவர் ராட்டினத்தைப் பார்த்தார். விசிலைத் துப்பினார். அவளைத் தாண்டி ஓடினார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மோட்டாரின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஓர் இரும்புக் கைச்சக்கரம். இரண்டு கையாலும் பிடித்து முழு உடம்பையும் கொடுத்துச் சுற்றினார். எதுவும் அசையவில்லை. மறுபடி சுற்றினார். மேலே ஏதோ முனகியது. ராட்டினம் ஒரு முழம் நகர்ந்தது.

ஒவ்வொரு பெட்டியாக வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் பிரேக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கம்பியைத் திறந்தார். கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுத்தார்.

"எறங்கு! நின்னு பாக்காத! எறங்கு!"

வயதானவர்களையும் அப்படித்தான். புது மணப்பெண் போலிருந்த ஒருத்தியையும் அப்படித்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆறாவது. ஏழாவது. மின்னல் வெட்டும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறக்கும்போது முதலில் அந்தப் பெட்டியைத் தேடினாள்.

பதினொன்றாவது வந்தது.

அவர் நிலானியின் கையைப் பிடித்து இழுத்தார். அதே கை. அதே இழுப்பு. குழந்தை அவள்மேல் வந்து விழுந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மூச்சு அவள் கழுத்தில் சூடாகப் பட்டது.

தயாபரன் இறங்கினான். வெற்று மார்பில் தண்ணீர் வழிந்தது.

"வா" என்றான். "போயர்லாம். வா."

பெரியண்ணன் அவர்களைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே கைச்சக்கரத்துக்குத் திரும்பியிருந்தார். இந்த முறை அது நகரவில்லை. அவர் தோள் நடுங்குவதை அவள் பார்த்தாள். உள்ளங்கையிலிருந்து ரத்தம் மழையோடு இறங்கியது.

மேலே இன்னும் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் கைக்குழந்தையோடு ஒருத்தி.

அவள் நிலானியின் கைகளைத் தன் கழுத்திலிருந்து பிரித்தாள். தயாபரனிடம் கொடுத்தாள்.

"எங்க போற?"

அவள் ராட்டினத்தோரம் இருந்த இரும்பு ஏணியைச் சுற்றிக்கொண்டு மோட்டாருக்குப் போனாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெரியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம்.

பிறகு சக்கரத்தில் தன் கைகளைச் சற்று நகர்த்திக்கொண்டார்.