இரண்டு காலி டின்கள்

என் காலடியில் இரண்டு காலி டின்கள் நிற்கின்றன. ஒன்று பருத்திப் புழுவுக்கான மருந்து. மற்றது நெல் வயலுக்கான களைக்கொல்லி; பருத்திமேல் பட்டால் செடியையே கருக்கிவிடும். ஒன்றை இப்போதுதான் மருந்து தெளிக்கும் விமானத்தின் தொட்டியில் ஊற்றினேன், மற்றது நேற்றையது. எது நேற்றையது? பதினாறு வயதாகிறது, ஒரு காலி டின்னை அப்புறப்படுத்தத் துப்பில்லை. உள்ளங்கையை மோந்து பார்க்கிறேன், இரண்டு நாற்றமும் அடிக்கிறது. குழாய் முனையில் சொட்டுவது எப்போதும்போல் பால் வெள்ளை; தண்ணீரில் கலந்தால் இரண்டுக்கும் ஒரே நிறம். ஓடுதளத்தை ஒட்டிய விவசாயி கிரவுடரின் பருத்திமேல் மஞ்சள் விமானம் தாழ்ந்து, அமெரிக்காவின் ஆர்கன்சா வெயிலில் மினுங்கும் வெண்புகையை விரித்துவிட்டு மேலேறுகிறது. வண்டிமேல் சாய்ந்து காப்பி குடித்தபடி கிரவுடர் எனக்குக் கையசைக்கிறார். நானும் அசைக்கிறேன். இலைகள் வெறுமனே நனைந்திருக்கின்றன; களைக்கொல்லியாக இருந்தால் நாளை மறுநாள்தான் சுருளும்.

விமானம் புழுதி பறக்க வந்து நிற்கிறது. அதை ஓட்டும் டெல்மர் சித்தப்பா எஞ்சினை அணைப்பதே இல்லை. நான் மருந்து நிரப்பி முடிக்கும்வரை விசிறி சுற்றிக்கொண்டேயிருக்கும்.

“என்னடி வனெட்டா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? காத்து கிளம்பறதுக்குள்ள இன்னொரு லோடு. மொதல்ல போட்டதையே போடு.”

இறக்கைமேல் ஏறி அவர் காதருகே குனிகிறேன்.

“எதப் போட்டேன்னு தெரியல சித்தப்பா.”

அவர் என்னைப் பார்க்கிறார், டின்களைப் பார்க்கிறார், எஞ்சினை அணைக்கிறார். அந்த அமைதியில், வயலோரத்தில் கிரவுடர் சந்தோஷமாகச் சீட்டியடிப்பது கேட்கிறது.