ஜப்பான் ஜாடி

"உங்கம்மா மறுபடியும் ஜாடியை நகர்த்தியிருக்காங்க," என்றாள் பிரெண்டா.

"அம்மாவுக்கு அதுகிட்ட என்னலா வேலை?" என்றான் கென்னத்.

"அதைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது. ஒருநாள் பழைய பேப்பர் வாங்குற லோரியில ஏத்திவிடப் போறாங்க, பாருங்க."

பளபளப்புப் பூச்சு இல்லாமல் விறகுச் சூளையில் சுட்ட பழைய ஜப்பானிய மண்ஜாடி அது. அப்பா இறந்தபின் கிள்ளானில் அவர் வீட்டைக் காலிசெய்தபோது பிரெண்டா தனக்கென்று எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். மடியில் வைத்தே சுபாங் ஜெயாவுக்குக் கொண்டுவந்து ஹாலில் வைத்தாள். யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து மாமியார் சாந்தமேரி அதன் பக்கம் பார்ப்பதும், ஏதோ முணுமுணுப்பதுமாக இருந்தார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புவதுபோல் வெளியே வந்த பிரெண்டா, ஜன்னலோரம் நின்றுகொண்டாள். தெருவில் பழைய பேப்பர் லோரி கூவிக்கொண்டு வந்தது. உள்ளே சாந்தமேரி ஜாடியைத் தூக்கினார்.

பிரெண்டா கதவைத் திறக்கப் பாய்ந்தாள். அதற்குள் சாந்தமேரி ஜாடியை மின்விசிறிக்குக் கீழே மெல்ல இறக்கி வைத்தார்.

"அங்க வெயில் அடிக்குது, சம்பந்தி. இங்க இருங்க. முட்டி வலியில உங்க இறுதிப் பூசைக்குக்கூட என்னால வர முடியல. நீங்க போனதிலிருந்து உங்க மக வெறும் வயித்தோட வேலைக்குப் போறா. நான் சொன்னா கேக்கமாட்டா. நீங்க சொல்லுங்க."

அப்பாவின் சாம்பல் கிள்ளான் தேவாலயத்தில் இருந்தது. ஜாடிக்குள் ஒன்றுமே இல்லை.

பிரெண்டா உள்ளே வந்தாள்.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டியா?" என்று பதறினார் சாந்தமேரி.

"ஆமா மாமி. பசியாற மறந்துட்டேன்."