பூஞ்சைக்குப் பருக்களிம்பு

போடி பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் மருந்துக்கடையின் கண்ணாடி மேசைமேல், பிதுக்கித் தீர்த்த நாலு களிம்பு ட்யூபுகளை வீசுகிறாள் அன்னக்கொடி. ஏலத்தோட்டத்தில் மழைக்கு நாளெல்லாம் முதுகில் போர்த்திய பிளாஸ்டிக் தாளின் புழுக்க வாடை இன்னும் அவள்மேல் அடிக்கிறது. சேலைமேல் போட்ட சட்டையின் காலரை இழுத்துக் காட்டுகிறாள். கழுத்திலிருந்து தோள்வரை, ஏலவிதையைப் பரப்பியதுபோல் ஒரே அளவில் சிவந்த கொப்புளங்கள். நடுவே நகக்கீறல்கள். "நாப்பத்திரண்டு வயசுல எனக்கு என்னய்யா பரு? இம்புட்டு அரிக்கிறது பரு இல்ல, பூஞ்சைன்னு டாக்டரம்மா பாத்ததுமே சொல்றாக. நீ குடுத்ததைப் பூசப் பூசத்தான் முதுகு பூராம் பரவியிருக்கு!" கடைக்கார ஈஸ்வரன் அவளிடமிருந்த டாக்டர் சீட்டை வாங்குகிறார். அதில் எழுதியிருக்கும் முதுகில் தேய்த்துக் குளிக்கும் பூஞ்சை ஷாம்பூவையும் மாத்திரையையும் எடுத்து வைக்கிறார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அடுத்து யாரு?" பின்னால் நிற்கும் ஜீப்பு டிரைவர் மனோஜ் தொப்பியைக் கழற்றி, அதேபோல் கொப்புளங்கள் படர்ந்த நெற்றியைக் காட்டுகிறான். "பருதான்" என்று நிமிராமலே சொல்லி, அதே களிம்பை நீட்டுகிறார் ஈஸ்வரன். அன்னக்கொடி பாதியில் பாய்ந்து அதைப் பறிக்கிறாள். "அரிக்குதாடா?" மனோஜின் விரல்கள் நெற்றியைப் பறண்டிக்கொண்டிருக்கின்றன.