ஹைரமின் நொண்டிக் கால்

சட்டசபைத் தேர்தலில் நின்ற ஹைரமுக்குப் பிரச்சாரமே அவருடைய நொண்டிக் கால்தான். சோள விவசாயி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் நான்கு வருடம் சிப்பாய். அவர் நொண்டியபடி மேடையேறினாலே எங்கள் மிசௌரி ஜனங்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். எந்தச் சண்டையில் குண்டு பட்டது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். பக்கத்துப் பண்ணைக்காரனான நான்தான் அவருக்குக் கொடி பிடித்தேன்.

தேர்தலுக்கு முந்தின நாள், எதிர்த்து நின்ற லெமுவேல் மேடையேறிக் குதித்தார்.

“குண்டாவது மண்ணாவது! போர்ல இந்த ஆளுக்கு ஒரு கீறல்கூட விழல. போன வருஷம் போர் முடிஞ்சு ஊர் திரும்பின அன்னிக்கு மாவு மில் வாசல்ல என் கோவேறு கழுதை விட்ட உதை அது! இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க!”

ஹைரம் தலையைக் குனிந்துகொண்டார். “வாஸ்தவந்தான்.”

போச்சுடா என்று நான் கொடியைச் சுருட்டினேன்.

பின்வரிசையில் கொல்லர் சைலஸ் எழுந்தார். “லெமுவேல், அந்தச் சாம்பல் நிறக் கழுதையா?”

“அதேதான்!”

சைலஸ் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். “இந்தா பாருய்யா, அது எனக்குப் போட்ட முத்திரை!”

“எனக்கு இடுப்புல!” என்றார் பாதிரியார்.

அதற்குப் பிறகு யார் யாரோ எழுந்தார்கள்.

மறுநாள் ஹைரம் அமோகமாக ஜெயித்தார். சாயந்திரம் கைகொடுக்க வந்த லெமுவேல், வாசற்படி ஏறும்போதே நொண்டினார்.

“என்னய்யா ஆச்சு?” என்று பதறினார் ஹைரம்.

“காலையில ஓட்டுப் போடப் போக வண்டி பூட்டினேன்.” லெமுவேல் முனகிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். “நானும் உனக்குத்தான்யா போட்டேன்!”