பெரிய பெட்டியில் சொருகுங்க

"அந்தக் கறுப்பு கிட்டாரை இந்தப் பெரிய பெட்டியில சொருகுங்க சார்."

கடை முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. இதை மட்டும் வாய்விட்டுக் கேட்கவே கூடாது என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் வெல்டர், பள்ளிச் சீருடையில் அவர் மகள், கடைக் குளிருக்கு ஸ்வெட்டரைக் கழுத்துவரை பொத்தானிட்டிருந்த அவள். அந்தப் பக்கம் முதலாளி. நடுவில் இரண்டு பேஸ் கிட்டார்கள். சிவப்பு ஒன்று, கண்ணாடிபோல் பளபளப்பு. விலை வெல்டரின் மூன்று மாதச் சம்பளம். கறுப்பு ஒன்று, அழகு என்று சொல்ல எதுவுமில்லை; விலை அதில் கால்வாசி.

சற்று முன்புதான் முதலாளி இரண்டையும் வாசித்துக் காட்டியிருந்தார். சிவப்பு நெஞ்சுக்குள் இறங்கி அதிர்ந்தது. கறுப்பு, தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டுபோலக் கொரகொரத்தது.

"அதான் காதாலயே கேட்டாச்சே! இன்னும் என்ன?" என்றார் முதலாளி.

"கேட்டது கிட்டார் சத்தம் இல்ல சார், பெட்டி சத்தம். சிவப்பை இடுப்பு உயர ஸ்பீக்கர் பெட்டியில, இந்தப் பெரிய ஆம்ப்ல சொருகினீங்க. கறுப்பை அதோ, அந்தச் சோப்பு டப்பாவுல சொருகினீங்க. அதுல யானை பிளிறினாலும் வண்டு மாதிரிதான் கேக்கும்."

மகள் களுக்கென்று சிரித்தாள்.

"நீ கொஞ்சம் அமைதியா இரும்மா." முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு வெல்டரிடம் திரும்பினார். "விலைக்கேத்த சத்தம்ங்க. மரம் அப்படி."

"மரத்தோட பெருமைய அப்புறம் பேசலாம். ஒயரை மாத்துங்க."

வெல்டர் நெளிந்தார். "விடும்மா. முதலாளியே சொல்றாரு, நமக்கு எதுக்கு வம்பு? பாப்பாவைப் பள்ளிக்கூட இசைக்குழுவுல எடுத்திருக்காங்க. நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா நிம்மதி."

"சிவப்பை வாங்கினா ஆம்ப் வாங்கக் கையில ஒண்ணும் இருக்காது. வீட்டுல எதுல சொருகுவா? சுவத்துலயா?"

"அக்கா சொல்றது சரிதானேப்பா" என்றாள் மகள்.

"பட்டம் வாங்கிட்டா வாய் இவ்வளவு நீளுமா?" என்றார் முதலாளி.

"எங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாரும் வாங்கல சார். அவங்க எல்லாருக்கும் சேத்து நான் பேச வேண்டியிருக்கு."

முதலாளி அசையவில்லை. அவளே மேசையைச் சுற்றிப் போய் ஒயரைப் பிடுங்கினாள்.

"தொடாத!"

தொட்டாள். பெரிய ஆம்பின் முகப்பில், அடிச்சத்தத்தைக் கனமாக்கும் பேஸ் குமிழ் கடைசிவரை ஏறியிருந்தது. அதைத் திருப்பி நடுவில் நிறுத்தினாள்.

"அண்ணே, நீங்க வெல்டிங் வச்ச இடம் சரியா ஒட்டியிருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?"

"சுத்தியால தட்டுவேன். உள்ள ஓட்டை இருந்தா சத்தமே காட்டிக் குடுத்துடும்."

"அப்ப அந்தப் பக்கமா திரும்பி நில்லுங்க. பாக்கக் கூடாது. பாப்பா, ரெண்டுலயும் ஒரே வரிதான் வாசிக்கணும், என்ன?"

வெல்டர் சுவரைப் பார்த்து நின்றார். மகள் ஒன்றை எடுத்து வாசித்தாள். ஒயர் மாறியது. மற்றதையும் வாசித்தாள். கண்ணாடி மேசை இரண்டு முறையும் மெல்ல நடுங்கியது. முதலாளி தன் செல்போனை எடுத்து, பார்க்காமலே திரும்ப வைத்தார்.

"பெருசா வித்தியாசம் ஒண்ணுமில்ல" என்றார் வெல்டர், தலையைச் சாய்த்தபடியே. "மொதல்ல வாசிச்சது ஒரு நூல் கூடுதலா கனமா இருந்துச்சு. அதானே சிவப்பு?"

"அது கறுப்புப்பா!"

வெல்டர் திரும்பினார். கறுப்பு கிட்டாரைக் கையில் வாங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரும்புக் கம்பியின் கோணல் பார்ப்பதுபோல அதன் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். ஓரங்களில் விரலை ஓட்டினார்.

"நேராத்தான் இருக்கு. கையிலயும் எதுவும் குத்தல." முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். இப்போது நெளியவில்லை. "இதைக் குடுங்க. கூடவே ஆம்ப் ஒண்ணு. எதும்மா எடுக்கலாம்?"

"மேல்தட்டுல ரெண்டாவது. வீட்டுக்கும் ஆகும், சின்ன மேடைக்கும் ஆகும். ரெண்டும் சேந்தாலும் சிவப்போட விலையில பாதி தாண்டாது."

"போடுங்க பில்லு."

முதலாளி பேனாவைக் காகிதத்தில் குத்திக் குத்தி எழுதினார். மகள் கிட்டார் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டாள். வெல்டர் ஆம்பைத் தூக்கிக்கொண்டார்.

"வரேன்க்கா!"

"தினமும் வாசி. பக்கத்து வீட்டுக்காரங்க கத்துனாலும் வாசி."

அவர்கள் இருவரும் போன பிறகு முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப திருப்தியா உனக்கு?"

"ரொம்ப. காலையில உங்க டிராயர்ல ஒரு கடிதம் வச்சேன். இன்னும் பிரிக்கல போல. பிரிச்சுப் பாருங்க."

அவள் ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கடையின் பெயருக்குக் கீழே அவள் புகைப்படமும், அதற்கும் கீழே 'விற்பனை உதவியாளர்' என்ற எழுத்தும் இருந்த அட்டையைக் கழுத்திலிருந்து உருவி, பில் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"எந்த கிட்டாரை எந்தப் பெட்டியில சொருகணும்னு எனக்கு முதல் நாளே பாடம் எடுத்தீங்களே, அடுத்து வர்ற பொண்ணுக்கு அதை எடுக்காதீங்க சார்" என்றவள், கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.